இருபது மில்லிமீட்டர் பாதரசம்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் செயலாளர் டெலிபோன் செய்து, "மாமா, ஆரோக்கியம் பற்றி அரை மணி பேசுங்கோ" என்றார். "நான் டாக்டர் இல்லையே ஐயா, பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு வானிலைத் துறையில் பாரோமீட்டர் பார்த்தே ரிடையரானவன்" என்றேன். "சர்க்கரை, மூட்டுவலி, கொலஸ்ட்ரால் மூன்றும் பேசியாகிவிட்டது. அதைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசுங்கோ" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அதனால் இங்கே பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். நுரையீரல் தமனி ரத்த அழுத்த நோய். டாக்டர்கள் பல்மனரி ஆர்ட்டீரியல் ஹைப்பர்டென்ஷன் என்பார்கள். கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோமே, அந்த பி.பி. வேறு, இது வேறு.

டாக்டர் அல்லாத நான் இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படியில் ஒரு நாள்

2005-ஆம் வருஷம், என் பெரிய பிள்ளையின் கல்யாணத்துக்கு முதல் நாள். அப்போது நாங்கள் புனேயில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் தங்கையின் மூத்த பெண், என் மருமாள், ஊரிலிருந்து வந்திருந்தாள். முப்பது வயது, பள்ளிக்கூட டீச்சர். கடையில் வாங்கிய பழப் பையோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து. "என்னடீ, முப்பது வயசிலேயே கிழவியாயிட்டியா? உன்னைவிட நானே வேகமா ஏறறேன் பார்" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். "மாமா, நீங்க மேலே போங்கோ. நான் ரெண்டு நிமிஷத்தில வந்துடறேன்" என்றாள். நானும் பழப் பையை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். அன்று இரவு எல்லோர் எதிரிலும், "தினம் அரை மணி நடக்கணும், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடணும், சோம்பல் கூடாது" என்று உபதேசம் வேறு செய்தேன். விஞ்ஞானம் படித்தவன் அல்லவா!

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவள் ஊரில் மூன்று டாக்டர்களைப் பார்த்தாள். ஒருவர் ரத்த சோகை என்றார். ஒருவர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார். ஒருவர், கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லாத மனக் கவலை என்றார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முன்பே நான் அதே தீர்ப்பைச் சொல்லிவிட்டேனே! கடைசியில் 2006-ல் பள்ளிக்கூடப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். பெரிய ஊருக்கு அனுப்பி, இதயத்தின் வலப் பக்கத்துக்குக் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 62 மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருந்தது.

வாழ்நாள் முழுவதும் மில்லிமீட்டர் பாதரசம் படித்த எனக்கு அந்த 62 எவ்வளவு பெரிய எண் என்று அன்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இன்றைய பேச்சு.

ஒரு சாண் உயரம்

நம் இதயம் ஒன்றல்ல, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பம்புகள். இடப் பக்கப் பம்பு உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. அது உச்சத்தில் 120 மில்லிமீட்டர் அழுத்தம் தருகிறது. வலப் பக்கப் பம்பு, உடம்பைச் சுற்றி வந்த கறுத்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே அழுத்தம் எவ்வளவு? சராசரி சுமார் 14 மில்லிமீட்டர்தான். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். ஆகவே 14 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 19 சென்டிமீட்டர் தண்ணீர், ஏறக்குறைய ஒரு சாண். இந்த ஒரு சாண் அழுத்தத்தில், உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் நுரையீரல் வழியாகப் போய் வருகிறது. இடப் பக்கத்திலும் அதே 5 லிட்டர்தான். ஆனால் அதற்கு ஆறு மடங்குக்கும் மேற்பட்ட சராசரி அழுத்தம் தேவைப்படுகிறது.

இது எப்படி முடிகிறது? நுரையீரலுக்குள் குழாய்கள் கிளை விட்டு, கிளைக்குக் கிளை விட்டு, கோடிக்கணக்கான காற்றறைகளைச் சுற்றி மெல்லிய வலையாகப் பரவியிருக்கின்றன. ஒரு சிவப்பு அணு அந்த வலையைக் கடக்கும் நேரம் முக்கால் விநாடி. அதற்குள் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டுவிடும். மாடி ஏறினால் மூடியிருக்கும் கிளைகளும் திறந்துகொள்ளும். அதனால் ரத்தம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஓடினாலும் அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. ஒரு பக்க நுரையீரலையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டாலும், மற்றது ஆரோக்கியமாக இருந்தால், ஓய்வில் அழுத்தம் கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும். அவ்வளவு தாராளமாகச் சேமிப்பு வைத்துக் கட்டப்பட்டது நுரையீரல்.

இந்தத் தாராளமே ஒரு ஆபத்து. குழாய்களில் பாதிக்கு மேல் அடைபடும் வரை, உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எதுவும் தெரியாது. படி ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் "சோம்பல்" என்பார்கள்.

எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் நோய்? 1973-ல் ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டத்துக்குப் பிறகு, சராசரி 25 என்பதே பல காலம் எல்லையாக இருந்தது. 2018-ல் நீஸ் நகரில் கூடிய உலக மாநாட்டில் அதை 20 என்று குறைத்தார்கள். 2022-ல் ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டு நெறியும் அதை ஏற்றது. 20-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். என் மருமாளுக்கு 62. தண்ணீர்க் கணக்கில், ஒரு சாண் உயரத்துக்குத் தள்ளப் பழகிய பம்பு 84 சென்டிமீட்டருக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

வலப் பக்கப் பம்பின் சுவர் மெல்லியது. அளவு மீறித் தள்ளித் தள்ளி முதலில் தடிக்கும், பிறகு விரியும், கடைசியில் களைத்துப் போகும். இந்த நோயில் உயிரை வாங்குவது பெரும்பாலும் வலப் பக்க இதயத்தின் களைப்புதான்.

இங்கே பிசிக்ஸ் மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். பாய்சோய். குழாயின் ஆரம் பாதியானால் அதன் தடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல, பதினாறு மடங்காகும் என்று காலேஜில் படித்தோம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஐந்து மடங்கு. அந்த பாய்சோய் உண்மையில் டாக்டருக்குப் படித்தவர். ரத்த அழுத்தத்தை அளக்கப் பாதரசக் குழாயை முதலில் பயன்படுத்தியவரும் அவரே, 1828-ல். நாற்பது வருஷம் நான் அவரை பிசிக்ஸ்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிக்குப் பிடித்த நூல்கண்டு

சரி, குழாய் ஏன் குறுகுகிறது? கொழுப்பு படிந்தா? இல்லை. அது இதயத் தமனியின் கதை. இங்கே நடப்பது வேறு.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் பேத்தாலஜி பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமாள் காலமாகி ஒரு வருஷம் கழித்து அவரிடம், "அந்த நோயில் குழாய் எப்படித்தான் இருக்கும்? காட்ட முடியுமா?" என்று கேட்டேன். மாணவர்களுக்காக வைத்திருந்த பழைய ஸ்லைடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். யாருடைய நுரையீரலோ, தெரியாது.

முதலில் ஆரோக்கியமான குழாய். வட்டமாக, நடுவே சுத்தமான ஓட்டையோடு, உட்சுவரில் ஒற்றை வரிசைச் செல்களோடு இருந்தது. அந்த உட்சுவர்ச் செல்களுக்கு எண்டோதீலியம் என்று பெயர். தரையில் ஓடு பதித்த மாதிரி ஒழுங்காக இருந்தன. பிறகு ஸ்லைடை நகர்த்தினார். அதே அளவுக் குழாய்தான். ஆனால் உள்ளே ஓட்டையே இல்லை. செல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வளர்ந்து, கொத்தாகி, அந்தக் கொத்துக்குள் பிளவு பிளவாகச் சின்னச் சின்னச் சந்துகள். சிக்குப் பிடித்த நூல்கண்டை வெட்டிப் பார்த்த மாதிரி. "இதற்கு பிளெக்ஸிஃபார்ம் என்று பெயர். லத்தீனில் பின்னல் என்று அர்த்தம்" என்றார் நண்பர்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அந்தச் சந்துகள் ஒவ்வொன்றும் ரத்தக் குழாய் மாதிரிதான். உடம்பு அங்கே புதுக் குழாய் கட்டப் பார்த்திருக்கிறது. ஆனால் திட்டமில்லாமல், இருக்கும் குழாயின் உள்ளேயே கட்டிவிட்டது. தெருவில் போக வழி போதவில்லை என்று நடுத் தெருவிலேயே பத்துச் சந்துகளுக்குச் சுவர் எழுப்பின கதை.

இந்தப் பின்னல் எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை. சிறு தமனி கிளை பிரிந்த உடனே வரும் இடத்தில்தான் அதிகம். 1958-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டொனால்ட் ஹீத், ஜெஸ்ஸி எட்வர்ட்ஸ் என்ற இருவர் நுரையீரல் தமனியின் மாற்றங்களை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் சுவரின் தசை தடிக்கிறது. இரண்டாவதில் உட்புறம் செல்கள் பெருகுகின்றன. மூன்றாவதில் அடைப்பு. நான்காவது படி இந்தப் பின்னல். ஆரம்பப் படிகளில் காரணத்தை நீக்கினால் குழாய் தேறிவிடக்கூடும். பின்னல் வந்த பிறகு திரும்புவது மிகக் கடினம். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு, "பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஓட்டை வழியாக அதிக ரத்தம் வேகமாக நுரையீரலுக்குப் பாய்ந்து, வருஷக் கணக்கில் குழாயின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கி, பின்னல் படிக்குக் கொண்டுவந்துவிடும். அதன் பிறகு ஓட்டையை அடைத்தால் நோயாளிக்கு ஆபத்து.

இறந்த செல்லும் பிழைத்த செல்லும்

ஒழுங்காக ஓடு பதித்தது போலிருந்த செல்கள் ஏன் இப்படிக் கட்டுக்கடங்காமல் வளர்கின்றன?

1990-களில் அமெரிக்காவின் டென்வர் நகர ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கொத்துகளைப் பிரித்துப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் வரும் வகையில், ஒரு கொத்திலுள்ள செல்கள் பல சமயம் ஒரே தாய்ச் செல்லின் சந்ததியாக இருப்பதை 1998-ல் வெளியிட்டார்கள். இதய ஓட்டையால் வந்த வகையில் அப்படி இல்லை. ஒரே செல்லின் சந்ததி என்றால் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? புற்றுநோய். எல்லா நோயாளிகளிடமும் அப்படியே இருப்பதில்லை என்றும் பின்னால் தெரிந்தது. இருந்தாலும் சாக மறுப்பது, சர்க்கரையை எரிக்கும் முறை மாறுவது என்று புற்றுநோய்ச் செல்லின் குணங்கள் சில இங்கேயும் உண்டு. ஆனால் இது பக்கத்துத் திசுவைத் துளைத்துப் போவதில்லை, வேறு உறுப்புக்குப் பரவுவதும் இல்லை. ஆகவே இது புற்றுநோய் அல்ல.

2001-ல் அதே டென்வர் குழு ஒரு விசித்திரமான பரிசோதனையை வெளியிட்டது. குழாய் வளரச் சொல்லும் சமிக்ஞை ஒன்று உடம்பில் உண்டு. அதன் ஏற்பியை அடைக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் வைத்தார்கள். வளர்ச்சியைத் தடுத்தால் செல்கள் குறைய வேண்டும் அல்லவா? முதலில் குறைந்தன, உட்சுவர்ச் செல்கள் பல செத்தன. ஆனால் சாகாமல் பிழைத்த சில செல்கள் சாவுக்கே அடங்காதவையாகிப் பெருகி, குழாயை அடைத்துவிட்டன. முதலில் காயம், பிறகு சாவு, கடைசியில் முரட்டுச் செல்களின் ராஜ்யம் என்ற வரிசை இதிலிருந்து தெளிவாயிற்று.

இதற்கு முன்பும் எலிகளுக்கு இந்த நோயை வரவழைக்க ஒரு வழி இருந்தது. அந்த விஷம் நம் நாட்டுச் செடி வகை ஒன்றிலிருந்து வருகிறது. காய் முற்றினால் உள்ளே விதை கலகலவென்று ஆடும் கிலுகிலுப்பைச் செடியைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையில் மோனோகுரோட்டலின் என்ற விஷம் இருக்கிறது. 1960-களிலிருந்து அதுதான் ஆராய்ச்சிக்கூடங்களில் வழக்கம். அது குழாயைத் தடிக்க வைக்கும். ஆனால் மனிதர்களிடம் காணும் பின்னலை உண்டாக்காது. அதனால்தான் 2001-ன் முறைக்கு அவ்வளவு மதிப்பு.

இன்னொரு கோணமும் உண்டு. 2021-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் மிகச் சக்தி வாய்ந்த எக்ஸ்-ரே கதிரில் இந்தப் பின்னல்களை முப்பரிமாணமாகப் படம் எடுத்தார்கள். எல்லாப் பின்னலும் ஒரே மாதிரி இல்லை, சில, நுரையீரலுக்கு உணவு கொண்டு போகும் வேறு ரத்தக் குழாய்களோடு சேர்கின்றன என்று கண்டார்கள். அதாவது அடைப்பைச் சுற்றிப் போக உடம்பு தேடிய மாற்று வழியாகவும் அவை இருக்கலாம். அணை நிரம்பினால் தண்ணீர் எங்கேயாவது வழி தேடத்தானே செய்யும்!

மாத்திரையால் வந்ததும் உண்டு

1960-களின் கடைசியில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்று நாடுகளிலும் திடீரென்று இந்த நோயாளிகள் பெருகினார்கள். விசாரித்தால், பலர் உடம்பு இளைக்க அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி மாத்திரை சாப்பிட்டவர்கள். 1965-ல் கடைக்கு வந்த மாத்திரையை 1968-ல் திரும்பப் பெற்றார்கள். நான் முன்னே சொன்ன 1973 ஜெனிவா கூட்டமே இதன் விளைவுதான். பாடம் கற்றார்களா? ஃபென்ஃப்ளூரமின் என்ற இன்னொரு இளைக்கும் மருந்து வந்து, அதையும் 1997-ல் அமெரிக்காவில் நிறுத்த வேண்டியதாயிற்று. நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் கை கூப்பிச் சொல்வது: பெயர் தெரியாத இளைக்கும் பொடியும் மாத்திரையும் வேண்டாம்.

இது தவிர ஸ்க்லரோடெர்மா போன்ற தோல் இறுகும் நோய், கல்லீரல் சுருக்கம், எச்.ஐ.வி. இவற்றாலும் இது வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

மருந்துக் கடையில் ஒரு சங்கடம்

1980-களில் அமெரிக்காவில் 187 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கெடுத்தார்கள். நோய் தெரிந்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் 2.8 வருஷத்துக்குள் காலமாகிவிட்டார்கள். முதல் அறிகுறிக்கும் நோயைக் கண்டுபிடித்ததற்கும் இடையே சராசரியாக இரண்டு வருஷம். என் மருமாளுக்கு ஒன்றரை. அமெரிக்காவிலேயே அப்படித்தான் என்று நினைத்துச் சமாதானம் செய்துகொள்ள முயன்றிருக்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

1995-ல் எப்போப்ரோஸ்டெனால் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரவும் பகலும் நிறுத்தாமல் நரம்பு வழியாகச் செலுத்த வேண்டும். 2001-ல் போஸென்டான் மாத்திரை வந்தது. 2005-ல் சில்டெனாஃபில் இந்த நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே மருந்துதான். மருமாள் எங்களோடு தங்கிச் சிகிச்சை பெற்றபோது, மாதா மாதம் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மொத்தமாக வாங்கி வருவது என் வேலை. தொண்ணூறு மாத்திரை கேட்ட இந்த நரைத்த தலையைக் கடைக்காரப் பையன் ஏற இறங்கப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் வந்து சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள் அந்தக் குழந்தை. "மாமா, அடுத்த மாசம் மாமியை அனுப்புங்கோ" என்றாள்.

ஒரு எச்சரிக்கை: நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும்.

மேலே சொன்ன மருந்துகள் முக்கியமாகக் குழாயை விரிப்பவை. பின்னலையே குறி வைக்கும் முயற்சியும் நடந்தது. ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிபைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் நடக்கும் தூரம் கூடியது. ஆனால் சிலருக்கு மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசிந்ததால் 2013-க்குப் பிறகு அது வழக்கத்துக்கு வரவில்லை.

உண்மையான திருப்பம் 2024 மார்ச்சில் வந்தது. ஸோட்டாடெர்செப்ட் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் போடுவது. செல்லை "வளர்" என்று தூண்டும் சமிக்ஞையும், "போதும், நில்" என்று அடக்கும் சமிக்ஞையும் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருக்க வேண்டும். இந்த நோயில் அடக்கும் தட்டு உயர்ந்துவிடுகிறது. ஸோட்டாடெர்செப்ட், தூண்டும் பொருள்களைப் பிடித்து வைத்துக்கொண்டு தட்டைச் சமன் செய்கிறது. 2023-ல் வெளியான சோதனையில், 24 வாரத்தில் நோயாளிகள் ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரம், மருந்து பெறாதவர்களைவிடச் சுமார் 40 மீட்டர் கூடியது. 2025-ல் வெளியான இன்னொரு சோதனையில், மிகக் கடுமையான நோயாளிகளிடம் மரணம், நுரையீரல் மாற்று, ஆஸ்பத்திரிச் சேர்க்கை இவை மூன்றும் சேர்ந்த அபாயம் 76 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்தச் சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். ரத்தக் கசிவு, ஹீமோகுளோபின் ஏற்றம் போன்ற பக்க விளைவுகள் உண்டு. விலையும் சாமானியருக்கு எட்டாதது. ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

என் மருமாளுக்கு அது வரவில்லை. 2010-ல், முப்பத்தைந்தாவது வயதில் போய்விட்டாள். குழந்தை பெற்றுக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் அவளை அதிகம் வருத்தியது. இந்த நோயில் பிரசவம் தாயின் உயிருக்கே ஆபத்து. அவள் கணவர் கடைசி வரை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. அவருக்கு என் நமஸ்காரம்.

நமக்கு என்ன?

இங்கே இருக்கும் என் வயதுக்காரர்கள் மூச்சு வாங்கினால் உடனே இந்தப் பின்னல்தான் என்று பயப்பட வேண்டாம். நுரையீரல் அழுத்தம் கூடுவதில் ஐந்து வகைகள் உண்டு. இடப் பக்க இதயக் கோளாறால் வருவதே மிக அதிகம். கேரளத்தில் இரண்டாயிரம் நோயாளிகளை வைத்து எடுத்த கணக்கிலும் பாதிக்கு மேல் அதுதான். புகை, பழைய நுரையீரல் நோய் இவற்றால் வருவது ஒரு வகை. ரத்தக் கட்டி அடைத்து வருவது இன்னொரு வகை. அதைச் சிலருக்கு ஆபரேஷனில் எடுத்தே குணப்படுத்தலாம். அதனால் எந்த வகை என்று தெரியாமல் மருந்து தொடங்கக் கூடாது. எக்கோ சந்தேகத்தைக் காட்டும். வலப் பக்க இதயத்தில் குழாய் செலுத்தி அளந்தால்தான் இந்தப் பின்னல் வகை நிச்சயமாகும்.

நம் சங்கத்தில் யாத்திரை போகிறவர்கள் நிறைய. நுரையீரல் குழாய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு: ஆக்ஸிஜன் குறைந்தால் உடம்பின் மற்றக் குழாய்கள் விரியும், நுரையீரல் குழாய் மட்டும் சுருங்கும். புனேயில் பாரோமீட்டர் சுமார் 710 மில்லிமீட்டர் காட்டும். 3,500 மீட்டருக்கு மேலே இருக்கும் கேதார்நாத்தில் 490 அளவில்தான் இருக்கும். ஆகவே மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள். பகவான் கோபிக்க மாட்டார்.

வயது குறைந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், முன்பு ஏறிய படியை இப்போது ஏற முடியவில்லை என்றால், ஓடும்போது கண் இருண்டால், கால் வீங்கினால், ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். ரத்த சோகை இருந்தாலும் அதோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம்

இதை அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மருமாளின் தங்கைக்கு ஒரு பெண். இருபத்து நான்கு வயது. வரன் பார்க்கிறார்கள்.

2000-ஆம் வருஷத்தில், இந்த நோய் குடும்பத்தில் வருவதற்கான ஜீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பி.எம்.பி.ஆர். 2 என்று பெயர். நான் சொன்ன தராசில் அடக்கும் தட்டைச் சேர்ந்தது அது. குடும்பத்தில் பலருக்கு வரும் வகையில் பெரும்பாலோரிடமும், தனியாக வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து இருபது பேரிடமும் அதில் பிழை இருக்கிறது. பிழை உள்ள பெற்றோரிடமிருந்து குழந்தைக்குப் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் பிழை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. பெண்களுக்கு அதிகம். சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வருவதல்ல இது.

அந்தப் பெண் என்னிடம் வந்து, "தாத்தா, பெரியம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? டெஸ்ட் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு இஷ்டமில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் எதுக்கு? நாலு பேருக்குத் தெரிஞ்சா வரன் வருமா?" என்று கலங்கினாள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு முறை கேலி செய்தது போதும்.

ஜெனடிக் ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நோயாளி உயிரோடு இருக்கும்போது அவருடைய ரத்தத்தில் பிழை எது என்று பார்த்திருந்தால், குடும்பத்தில் மற்றவர்களுக்கு "உண்டு", "இல்லை" என்று உறுதியாகச் சொல்லலாம். இப்போது இந்தப் பெண்ணுக்குப் பார்த்து, பிழை உண்டு என்று வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. வருஷா வருஷம் எக்கோ எடுத்துக் கவனிக்கலாம். இல்லை என்று வந்தாலோ முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. அவள் பெரியம்மாவுக்கு இருந்தது எது என்றே தெரியாதே! 2006-ல் எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. ஆகவே யார் வீட்டிலாவது இப்படி ஒரு நோயாளி இருந்தால், இப்போதே டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்துவிடுங்கள்.

பெண் முதலில் எக்கோ எடுத்துக்கொண்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு தானே யோசித்து, ஜீன் பரிசோதனைக்கும் போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டாள். ரிசல்ட் எப்படி வந்தாலும் வரன் வீட்டாரிடம் தானே சொல்லப் போவதாகச் சொல்கிறாள். "சொன்ன பிறகும் வேணும்னு வரவாதான் எனக்கு வேணும் தாத்தா" என்றாள். அவள் அம்மாவும் இப்போது மறுப்புச் சொல்லவில்லை. ஜாதகத்தில் எட்டாம் இடத்தைப் பத்து முறை பார்க்கிறோம்; மூச்சு வாங்குவதை மட்டும் மூடி வைக்கிறோம். அது வேண்டாம்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். யாராவது மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, "நீங்க மேலே போங்கோ" என்று சொன்னால், மேலே போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேளுங்கள்.